ஜமீன்தாரின் கனம்

கீழக்குறிச்சி ஜமீன்தார் சிரித்து யாரும் பார்த்ததில்லை. “நீங்கள் ரொம்ப ‘கிரேவ்’. விளையாட்டுத்தனமே இல்லாதவர் என்று அர்த்தம். லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்குப் பொருள் கனம்” என்று வெள்ளைக்காரத் துரை புகழ்ந்துவிட்டார்.

ஜமீன்தாருக்குத் தலைகால் புரியவில்லை. குடியானவர்களைக் கோயிலில் கூட்டி, துலாபாரத் தட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“முதலில் உர்ரென்று இருப்பேன், பிறகு சிரிப்பேன். குறைகிற கனத்தை நிறுத்துக் காட்டு. இல்லாவிட்டால் வேலை போய்விடும்” என்றார், தராசு பிடிக்கும் வெயிலுமுத்துவிடம்.

உர்ரென்று இருந்தார், எதிர்த்தட்டு வெல்லம் சரியாக நின்றது. சிரித்தார், முள் அசையவில்லை.

“எங்கேடா என் கனம்?”

“தட்டுல தேடாதீங்க எசமான். நீங்க சிரிச்சதும், குனிஞ்சு நின்னவங்க எல்லாம் நிமிர்ந்துட்டாங்க. இத்தனை நாளா அதைச் சுமந்தது அவங்கதான்.”

ஜமீன்தார் முறைத்தார். கூட்டம் மறுபடி குனிந்தது.

“பாத்தீங்களா, திரும்ப ஏறிடுச்சு.”