அம்பு நின்ற இடம்

"மூணாவது தடவை வரைஞ்சிருக்கேன், டீச்சர். இன்னும் என்ன குறை?"

பாக்கியநாதன் காகிதத்தை மேசைமேல் தள்ளினார். தள்ளிய கை அங்கேயே கிடந்தது. திரும்ப எடுக்கவும் அலுப்பாக இருந்தது.

மெஹருன்னிசா அவரைவிடப் பல வயது இளையவள். கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்திச் சூடு தணிப்பதென்றால் வேலூரில் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். யார் வந்து கேட்டாலும் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் தண்ணீரும் சூடும் போகும் வழியை அவர்கள் வரைந்து காட்டும் படம் சரியாக வரும்வரை பம்ப்பை மட்டும் கண்ணில் காட்டமாட்டாள்.

"கல்யாணத்துக்கு ஜாதகம்கூட இவ்வளவு பார்க்கமாட்டாங்க."

"தண்ணியையும் கரண்டையும் ஒரே வீட்டுல குடிவைக்கிறீங்க, அண்ணே. பார்க்கத்தான் வேணும்."

அவர் வரைந்த முதல் படத்தில் தண்ணீரை வடித்தெடுக்க வழியே இல்லை. அடுத்ததில் வழி இருந்தது. ஆனால் தொட்டிக்குக் கீழே இருக்கவேண்டிய பம்ப் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. இதில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"பிராசசர் சூட்டைத் தண்ணி வாங்கிக்குது. சரி. தண்ணிகிட்டேர்ந்து?"

"ரேடியேட்டர்."

"அதுகிட்டேர்ந்து?"

"அதுல இருக்கிற விசிறி வெளியே தள்ளிடும்."

"வெளியேன்னா?"

"பெட்டிக்கு வெளியே."

"அங்கே என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? ஒண்ணும் இல்ல."

அவள் பென்சிலை அவர் பக்கம் உருட்டினாள்.

"அந்த ஒண்ணும் இல்லாததையும் வரைங்க."

"டீச்சர், வியாழக்கிழமை வீடு கட்டுற பில்டருக்கு வேலையை முடிச்சுக் கொடுக்கணும். இன்னும் கட்டாத வீட்டுக்குள்ள நடந்து பார்க்கிற மாதிரி ஒரு வீடியோ. ஓடுறப்பவே மெஷின் சூடாகி அணைஞ்சிடுது. இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா என்னை இனிமே கூப்பிட ஆள் இல்ல."

"வரைங்க."

வரைந்தார். பெட்டியைச் சுற்றி நாலு சுவர். ஒரு ஜன்னல்.

"திறப்பீங்களா?"

"கை நீட்டினா அடுத்த வீட்டுச் சுவர். திறந்தா என்ன, மூடினா என்ன?"

ஸ்டாண்டு ஃபேன் ஒன்று வரைந்தார்.

"எந்தப் பக்கம் பார்த்து?"

"பெட்டியைத்தான். பக்கவாட்டு மூடியைக் கழட்டிட்டு நேரா வச்சிருக்கேன். அது இல்லேன்னா கொஞ்ச நேரம்கூடத் தாங்காது."

மூலையில் நீளமாக ஒரு கட்டம் போட்டார்.

"இது?"

"கட்டில்."

"பகல்ல இதுல யாரு படுக்கிறது?"

"எஸ்தர். என் சம்சாரம். ஆஸ்பத்திரில நைட் டூட்டி. காலையில வந்து படுப்பா." கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "இப்பல்லாம் தூக்கமே பிடிக்கலங்கிறா. வயசாகுதில்ல."

மெஹருன்னிசா கட்டிலின் கட்டத்தை விரலால் தொட்டாள். "சூடு போற வழிக்கு அம்பு போடுங்க," என்றாள். "பிராசசர்லேர்ந்து."

போட்டார். பிராசசரிலிருந்து தண்ணீருக்கு. தண்ணீரிலிருந்து ரேடியேட்டருக்கு. பென்சில் பெட்டியைத் தாண்டியது. அறைக்குள் கட்டில் பக்கமாகக் கொஞ்ச தூரம் போயிற்று.

நின்றது.

அவர் அதை எடுக்கவும் இல்லை, மேலே கொண்டுபோகவும் இல்லை.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். பம்ப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க, அண்ணே. படம் முடிஞ்சிடுச்சு."

வீட்டுக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். அறை, மூடி போட்ட பாத்திரம்போல் இருந்தது. ஃபேன் பெட்டியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அதிசயமாக மெஷின் இன்னும் அணையவில்லை. முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டதென்று திரை காட்டியது.

எஸ்தர் சுவரோரமாக ஒட்டிப் படுத்திருந்தாள். கழுத்தில் நனைத்துப் போட்டிருந்த துண்டு காய்ந்து போயிருந்தது.

"பம்ப் கிடைச்சுதா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"கிடைச்சுது."

"அப்ப இனிமே அணையாதில்ல?"

"தூங்கு."

பையை மேசைக்கடியில் வைத்தார். ஃபேனின் கழுத்தைப் பிடித்துக் கட்டில் பக்கம் திருப்பினார்.