பொற்கொடியின் உப்புக்கண்டம்

அநியாயம் நடந்தது பொற்கொடிக்கு. அவள் மெல்லிசாக அரிந்து, மிளகும் உப்பும் தடவி, ஒரு பகல் முழுக்க டிரையர் என்ற உலர்த்தும் பெட்டியில் காயவைத்த மாட்டுக்கறியை, உணவு பதப்படுத்தும் வகுப்பின் ஆசிரியை செரீனா ஒரு வார்த்தை பேசாமல் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள்.

அதுவும் இவளைவிடப் பத்து வயது சின்னவள்.

பொற்கொடி விடுவாளா? தப்பிய ஒரு பொட்டலத்தை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வகுப்பின் சமையல்கூடத்துக்குள் அவள் பின்னாலேயே நுழைந்தாள்.

வெளியே மலையைப் பனி விழுங்கியிருந்தது. மரம் இல்லை, பாதை இல்லை. அடுத்த தட்டுக்காகச் சூடேறிய டிரையர் மட்டும் தூக்கத்தில் முனகுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குக் கொட்டினீங்க டீச்சர்? நியாயம் சொல்லுங்க."

"முதல்ல வேகவெச்சீங்களா அக்கா? சூடு காட்டுற ஊசியைக் குத்தி உள்சூடு பார்த்தீங்களா?"

"டிரையர் முள்ளு எழுபது டிகிரியைத் தாண்டி நின்னுச்சே! வேகவும் வெச்சு, காயவும் வெக்கணுமா? ஒரே கறிக்கு ரெண்டு தண்டனையா?"

"அது பெட்டிக்கு அடிச்ச காய்ச்சல். கறிக்கு அடிச்சுதா?"

"விடுகதையெல்லாம் வேண்டாம்."

செரீனா ஒரு துணியை நனைத்துப் பிழிந்து டிரையருக்குள் தொங்கவிட்டாள். சற்றுப் பொறுத்து எடுத்து, பொற்கொடியின் கன்னத்தில் ஒற்றினாள்.

சுடவில்லை.

"சரி, ஈரம் இருக்கிறவரைக்கும் சுடாது. ஒத்துக்கறேன். அப்புறம் காய்ஞ்சிருச்சில்ல? வளைச்சுப் பார்த்தேன். விரிசல் விட்டுச்சு, ஒடியலை. நீங்க சொன்ன அதே பக்குவம். கட்டையாக் காய்ஞ்சதுல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?"

செரீனா அலமாரியில் எதையோ தேடினாள்.

"என் தம்பி அந்தக் காட்டுக் கோபுரத்துல காவலுக்கு நிக்கிறான். வயித்தைக் கெடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடந்து இப்பதான் எழுந்து போனான். உப்புக்கண்டம் கேட்டான். அங்க போற ஜீப்பை இன்னிக்கு விட்டா மழை முடியறவரைக்கும் வண்டி கிடையாது. அவனுக்கு என்ன பதில் சொல்ல?"

செரீனா ஒரு டப்பாவைத் திறந்து, பழுப்பு நிறக் குறுணையை அவள் உள்ளங்கையில் கொட்டினாள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்.

"காய்ஞ்சிருக்கா?"

"மணல் மாதிரி."

"உசுரு இருக்கா?"

"இதுல ஏது? தூசி."

"நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேன். தூசிதான்."

கண்ணாடித் தம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை. குறுணை அதில் விழுந்து அடியில் படுத்தது.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திறந்த ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து, அதுவும் ஓர் ஆள்போல மேஜையோரம் நின்றது. பொற்கொடிக்குக் கண் செருகியது.

விழித்தபோது தம்ளருக்குள் ஏதோ மூச்சு விட்டது. ஒரு குமிழ். பக்கத்தில் இன்னொன்று. பிறகு நுரை எழுந்து, திரண்டு, விளிம்பைத் தாண்டி மேஜையில் வழிந்தது.

ஈஸ்ட் வேறு, கிருமி வேறு என்று வாதாட நல்ல பிடி ஒன்று அவளிடம் இருந்தது. வாயைத் திறந்தாள். தம்பியின் வயிறு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

பனிக்குள்ளிருந்து ஜீப்பின் ஹாரன் கேட்டது, கூடவே டிரைவரின் குரலும்.

"பொற்கொடியக்கா! கிளம்பறேன்! தம்பிக்குக் குடுக்கறதைக் குடுங்க!"

அவள் எழுந்தாள். முந்தானையை அவிழ்த்துப் பொட்டலத்தை நுரைக்குப் பக்கத்தில் வைத்தாள். வாசல்வரை போய் நின்றாள்.

"இன்னும் வேகலைப்பா," என்றாள்.