எழுபத்தொன்றோடு நின்ற கணக்கு

கணக்கில் புலி என்று உங்களை நீங்களே நினைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன்.

வச்சிரகேது என்றொரு அரசன் போரில் பத்தாயிரத்து ஒரு பேரைச் சிறைபிடித்தான். கொல்வதைவிடக் கொல்லாமல் ஆட்டிவைப்பதில்தான் அவனுக்கு ருசி. கைதிகளை ஆற்றுமணலில் நிறுத்தி ஒரு நிபந்தனை போட்டான். பொழுது சாய்வதற்குள், உயிரோடு இருக்கும் அத்தனை பேரும் வரிசைகளாக நிற்க வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். ஒரே வரிசையாக நிற்கக் கூடாது, வரிசைக்கு ஒருவர் என்பதும் கூடாது. நின்றுவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஒருவன் மிஞ்சினாலும் எல்லோரும் யானைக்காலில் மிதிபட்டுச் சாக வேண்டியதுதான்.

மணலின் ஓரம் நெடுக முளைகள் அடித்திருந்தார்கள். குதிரை கட்டுவதற்கு என்று நினைத்து யாரும் அவற்றை எண்ணவில்லை.

கைதிகளில் வெண்காடன் என்ற படைக்கணக்கன் இருந்தான். மணலில் எழுதி எழுதி வகுத்தான். மூன்றில் போகவில்லை, ஏழில் போகவில்லை, பதின்மூன்றிலும் போகவில்லை. நூறு வரையுள்ள பகா எண்களில் போகாவிட்டால் வேறு எதிலும் போகாது என்பது அவனுக்குத் தெரியும். எழுபத்தொன்றிலும் மீதி வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. பார்க்க வேண்டியவை இன்னும் ஐந்தே எண்கள். இத்தனையில் போகாதது இனி எதில் போகப்போகிறது என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். இது எதிலும் வகுபடாது, ஒருத்தர் குறைந்தால் நூறு நூறாக நிற்கலாம் என்று கைதிகளின் தளபதி காரியிடம் சொன்னான்.

காரியின் கண் சாத்தன்மேல் விழுந்தது. தொடையில் வேல் பாய்ந்தவன், எப்படியும் பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் முடிவுகட்டிய ஆள். ஆனால் அன்று காலையில்தான் அவன் கோலூன்றிப் பதினோரு அடி நடந்திருந்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான், பாவம்.

காரி விஷயத்தைச் சொன்னதும் சாத்தன் வெண்காடனைத்தான் பார்த்தான்.

"முழுசாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"அப்ப சரி" என்று சாத்தன் கழுத்தை நீட்டினான். காரி காவலன் ஒருவனிடம் வாளை வாங்கி வெட்டினான்.

பத்தாயிரம் பேரும் நூறு வரிசைகளாக நின்றார்கள். அரசன் வாக்குத் தவறவில்லை, போகச் சொன்னான். வெண்காடனை மட்டும் கூப்பிட்டு, அந்த முளைகளை எண்ணிவிட்டுப் போ என்றான். "வரிசைக்கு ஒன்றாக நானே அடித்து வைத்தேன். யாரையும் கொல்லச் சொல்லவில்லையே" என்று சிரித்தான். வெண்காடன் எண்ணினான். எண்ணி முடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஊரில் சாத்தனின் மனைவி நியாயம் கேட்டாள். கணக்கன் சொன்னதைச் செய்தேன் என்றான் காரி. நிபந்தனை போட்டவன் அரசன் என்றான் வெண்காடன்.

இப்போது சொல்லுங்கள். முளைகள் எத்தனை? இந்த மூவரில் சாத்தனைக் கொன்றது யார்?

விடை: வரிசைக்கு நூற்று முப்பத்தேழு பேர் நின்றிருந்தால் சாத்தனும் நொண்டிக்கொண்டே வீடு வந்திருப்பான். அரசன் கொடியவன், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காரி கணக்கு அறியாதவன், நம்பி வெட்டினான். வெண்காடன் பாதியில் எழுந்ததைக்கூட நான் மன்னிப்பேன், அந்த நேரத்தில் யாருக்கும் கை ஓடாது. ஆனால் சாகப்போகிறவன் கேட்ட ஒரே கேள்விக்கு அவன் பொய் சொன்னான். கொன்றது அவன்தான். முளைகள் எழுபத்து மூன்று. அவன் பார்க்காமல் விட்ட ஐந்தில் முதல் எண்ணே அதுதான்.