நான்கு பலகைகளில் ஒரு நீர்நாய்

நாலு பள்ளிக்கூடங்களில் முதல் பரிசு வாங்கியவள். அந்த நாலில் ஒன்றில்கூட உட்கார இடம் இல்லாதவள். அவள் யார்?

விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். தெரியாதவர்கள் நீர்மருதங்காட்டுக்கு வாருங்கள். விடை அங்கே தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

நீர்மருதங்காட்டில் ஒரு மயில் பள்ளிக்கூடம் திறந்தார். பிள்ளைகள் நிறைய வந்தார்கள். உடனே இன்னொன்று திறந்தார். அதற்குக் கூரை போடும் முன்பே மூன்றாவதற்குத் திறப்பு விழா வைத்தார். கடைசியில் குளக்கரைக் கிளை, மூங்கில் கிளை, புற்றுமேட்டுக் கிளை, குன்றுக் கிளை என்று நாலு பள்ளிகள் ஆகிவிட்டன. நாலுக்கும் சேர்த்துத் தோகைக் கல்விக் குழுமம் என்று பெயர். மயில்தான் தாளாளர்.

'நாலு பள்ளி, ஒரே குடும்பம்!' இதுதான் குழுமத்தின் முழக்கம். காலையில் பிள்ளைகள் இதை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

ஒவ்வொரு பள்ளி வாசலிலும் ஒரு பெரிய மரப்பலகை நின்றது. பள்ளியின் சாதனைகளை அதில் படத்தோடு செதுக்குவது மரங்கொத்தியின் வேலை. எதைச் செதுக்குவது என்று சொல்வது கரிச்சானின் வேலை. கரிச்சான் குருவிதான் குழுமத்தின் விழாப் பொறுப்பாளன். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவான். விழாவுக்குக் கூட்டம் வராவிட்டால், இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு பல குரல்களில் "ஆகா! பிரமாதம்!" என்று அவனே கத்திவிடுவான்.

இந்தக் குளக்கரைக் கிளைக்கு ஒரு நாள் சுழலி வந்தாள். அவள் ஒரு நீர்நாய்க் குட்டி. அம்மா அவளைப் பள்ளியில் சேர்க்க அழைத்து வந்திருந்தாள். தாளாளர் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று சுழலி குளத்தில் இறங்கினாள். இந்தக் கரையில் முங்கினாள். அந்தக் கரையில் வாயில் மீனோடு எழுந்தாள்.

கரிச்சான் அதைப் பார்த்துவிட்டான். "தாளாளர் ஐயா! ஓடி வாங்க! நம்ம பலகைக்கு ஒரு பொண்ணு கிடைச்சிருக்கா!"

மயில் தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என் பொண்ணைச் சேர்த்துக்குவீங்களா ஐயா?" என்று அம்மா பயந்து பயந்து கேட்டாள்.

"சேர்த்துக்கொள்வதா? அம்மணி, நான்கு கிளைகளிலும் சேர்த்துக்கொள்கிறோம்!"

அம்மா பூரித்துப் போனாள். "நாலு பள்ளிக்கூடமாம்டி! நம்ம வம்சத்துல யாருக்குக் கிடைச்சுது?"

"நான் எங்கே உட்காரணும்?" என்று சுழலி கேட்டாள்.

அது யார் காதிலும் விழவில்லை. மரங்கொத்தி அதற்குள் படம் செதுக்கத் தொடங்கிவிட்டது.

அன்று தொடங்கியது சுழலியின் அலைச்சல். நீச்சல் போட்டிக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து வாத்துகளை அழைப்பார்கள். குளக்கரைக் கிளையில் போட்டி என்றால் சுழலியின் கழுத்தில் தாமரை மாலை. மூங்கில் கிளையில் போட்டி என்றால் மூங்கில் இலை மாலை. புற்றுமேட்டில் எருக்கம்பூ மாலை. மாலை மாறும், நீந்துவது என்னவோ சுழலிதான்.

குன்றுக் கிளையில் ஒரு சிக்கல் வந்தது. அங்கே தண்ணீரே கிடையாது. ஓர் எருமை படுத்துக் கிடக்கும் குட்டை மட்டும்தான் இருந்தது.

"எருமையம்மா, கொஞ்சம் எழுந்திருங்க. இங்கே நீச்சல் போட்டி" என்றான் கரிச்சான்.

"நீச்சலா? இதிலா? என் முழங்காலே நனையாதேப்பா!"

"நீங்க எழுந்திருங்க. மத்ததை மரங்கொத்தி பார்த்துக்குவான்."

வாத்துகள் சேற்றைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டன. சுழலி வேங்கைப்பூ மாலையோடு சேற்றில் ஒரு முறை புரண்டாள். பலகையில் பெரிய அலைகளோடு படம் ஏறியது. 'குன்றுக் கிளை! நீச்சலில் முதலிடம்!'

சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த சுழலியிடம் ஒரு முயல்குட்டி ஓடி வந்தான். பெயர் துள்ளன். அவன் குன்றுக் கிளையின் கடைசி வரிசைக்காரன்.

"சுழலி, சுழலி! நாம ஜெயிச்சுட்டோம்!" என்று குதித்தான்.

"நாமளா? நீ எப்படா நீந்தினே?"

"நீ நீந்தினா நான் நீந்தின மாதிரிதானே? நாலு பள்ளி, ஒரே குடும்பம்!" துள்ளன் காதை ஆட்டிக்கொண்டே சொன்னான். "வா, என் பக்கத்துல இடம் காலியா இருக்கு. அங்க முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தான். குத்துதுன்னு எல்லாரும் அழுதோம், முன்னாடி மாத்திட்டாங்க. கணக்கு வாத்தியார் ஆமை. அவர் ஒரு கணக்கு முடிக்கிறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம்!"

சுழலிக்குச் சிரிப்பு வந்தது. வகுப்புக்குள் எட்டிப் பார்த்தாள். வெயில் விழுந்த தரை. காய்ந்த புல் பரப்பிய இடம். ஒரு குட்டி உட்காரத் தாராளமாகப் போதும். உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"ஏய், எங்கே போறே?" கரிச்சான் பறந்து வந்து வழிமறித்தான். "மூங்கில் கிளையில் பாராட்டு விழா!"

"கொஞ்ச நேரம் பாடம் கேட்டுட்டு வர்றேனே மாமா."

"சாதனையாளருக்குப் பாடம் எதுக்கு? பாடமெல்லாம் பலகையில் இடம் கிடைக்காதவங்களுக்கு! கிளம்பு, கிளம்பு!"

நீ நீந்தினால்தான் நீ நீந்தினதாக அர்த்தம் என்று துள்ளனிடம் சொல்ல நினைத்திருந்தாள் சுழலி. அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் மரம் நடும் விழா வந்தது. காட்டுக்கு நாலு பள்ளிகளும் தொண்டு செய்கின்றன என்று பலகையில் போட வேண்டும். கரிச்சான் ஒரே ஒரு புங்கங்கன்றைக் கொண்டுவந்தான்.

அதைக் குளக்கரையில் நட்டார்கள். மயில் தண்ணீர் ஊற்றினார். மரங்கொத்தி படம் செதுக்கியது. பிறகு கன்றைப் பிடுங்கினார்கள். மூங்கில் கிளைக்குக் கொண்டுபோய் நட்டார்கள். மயில் தண்ணீர் ஊற்றினார். படம். பிடுங்கினார்கள். புற்றுமேட்டிலும் அதே கதை. குன்றுக்குப் போகும்போது கன்றில் இலையே இல்லை.

"அண்ணே, இது குச்சி மாதிரி இருக்கே!" என்றது மரங்கொத்தி.

"உன் பலகையில் இலையைச் சேர்த்துச் செதுக்கேன்! நாலு பூவும் போடு!"

எல்லாப் பயணத்திலும் கன்றைச் சுமந்தவள் சுழலிதான். அதன் வேர் அவள் தோளில் உரசிக்கொண்டே வந்தது. ஈர மண் உதிர்ந்துகொண்டே வந்தது.

"மாமா, இதைக் கடைசியில் எங்கே விடப்போறோம்?"

"விடுறதா? அடுத்த வருஷம் தேவைப்படுமே! பத்திரமா வை."

அன்று வீட்டுக்குப் போனதும் சுழலி அம்மாவிடம் கேட்டாள். "அம்மா, நான் எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறேன்?"

"என்னடி கேள்வி? நாலிலும்தான்!"

"எதுல உட்கார்றேன்?"

அம்மா மீனை அவள் பக்கம் நகர்த்தினாள். "மீன் ஆறிப்போகுது, சாப்பிடு" என்றாள்.

மழை பெய்தது. ஆறு நிறைந்தது. தோகைக் குழுமத்தின் பெருவிழாவை ஆற்றங்கரையில் நடத்த மயில் முடிவு செய்தார். பக்கத்துக் காட்டுப் பெற்றோர்களை எல்லாம் வரவழைத்தார். அவர்கள் மயங்கினால் ஐந்தாவது கிளை திறந்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

நாலு பள்ளிப் பிள்ளைகளும் அவரவர் கிளை மாலையைப் போட்டுக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்கள். ஆற்றுக்கு நடுவே ஒரு பாறை. முதலில் போய்ப் பாறையைத் தொடுபவருக்குப் பரிசு. நாலு கிளைக்கும் நாலு போட்டி. நாலிலும் சுழலியே நீந்த வேண்டும்.

தாமரை மாலையோடு போனாள். வாத்துகளை முந்தினாள். மூங்கில் மாலையோடு போனாள். முந்தினாள். எருக்கம்பூ மாலையோடு போனாள். முந்தினாள். வேங்கைப்பூ மாலையை மாட்டும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு! அப்புறம் நீ என்ன கேட்டாலும் உண்டு" என்று அவளைத் தண்ணீரில் தள்ளினான் கரிச்சான். பிறகு கிளையில் ஏறி நின்று மயிலின் குரலில் முழங்கினான். "பெற்றோர்களே! எங்கள் குழுமத்தில் நீந்தத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை!"

கூட்டத்தில் ஒரு கீரியம்மா இருந்தாள். லேசில் எதையும் நம்பாதவள். துள்ளனைக் காட்டிக் கேட்டாள். "இந்த முயல்குட்டிகூடவா?"

துள்ளனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் நீந்த மாட்டேன்? நாங்க நீச்சல்ல முதலிடம்! வேணும்னா எங்க பலகையைப் போய்ப் பாருங்க!"

சொல்லிவிட்டு, யாரும் தடுக்கும் முன் ஆற்றில் குதித்துவிட்டான்.

இரண்டு காதுகள் தெரிந்தன. அப்புறம் ஒரு காது தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியவில்லை.

சுழலி பாறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அப்போதுதான் கரையில் பிள்ளைகள் அலறுவது கேட்டது. திரும்பிப் பார்த்தாள். தண்ணீரில் வேங்கைப்பூ மாலை ஒன்று சுழன்றுகொண்டு போனது.

"பாறையைத் தொடு! தொட்டுட்டு வா!" என்று கத்தினான் கரிச்சான். "வாத்து வருது! வாத்து வருது!"

வாத்து வந்தது. வாத்து தொட்டது. சுழலி அங்கே இல்லை.

அவள் ஆற்றின் அடியில் இருந்தாள். கலங்கல் தண்ணீரில் கண் தெரியவில்லை. கையால் துழாவினாள். வேர், கல், சேறு. மறுபடியும் துழாவினாள். மெத்தென்று ஏதோ பட்டது. பிடரியைக் கவ்விக்கொண்டு மேலே வந்தாள்.

கரையில் போட்டதும் துள்ளன் அசையவில்லை. சுழலி அவன் வயிற்றில் ஏறி அமுக்கினாள். முயல் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு தும்மல் வந்தது. பிறகுதான் சுழலிக்கு மூச்சே வந்தது.

"ஏன்டா குதிச்சே? முட்டாளே!" என்று அழுதாள்.

துள்ளன் நடுங்கிக்கொண்டே அவளைப் பார்த்தான். "நாம ஜெயிச்சோம்னு போட்டிருந்ததே சுழலி... அப்போ எனக்கு நீந்தத் தெரியாதா?"

கூட்டம் சத்தமில்லாமல் நின்றது. கரிச்சானால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. "உயிர் காத்த வீராங்கனை! இதுவும் தோகைக் குழுமத்தின் சாதனையே! மரங்கொத்தி, செதுக்கு!" என்றான். இலைக்குள் புகுந்து, "ஆகா! பிரமாதம்!" என்றும் கத்தினான். இந்த முறை அது அவன் ஒருவனுடைய குரல் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"எந்தப் பலகையில் செதுக்கணும்?" என்று மரங்கொத்தி கேட்டது.

அவ்வளவுதான். நாலு தலைமையாசிரியர்களும் முட்டிக்கொண்டார்கள்.

"குளக்கரையில்தான் அவள் முதலில் சேர வந்தாள்!"

"மூங்கில் கிளைதான் முதலில் பாராட்டு விழா எடுத்தது!"

"பாராட்டு விழாவுக்கு மாலை வாங்கியது எங்கள் புற்றுமேட்டில் ஐயா!"

"முங்கினதே எங்கள் முயல்தானே! முங்கியிருக்காவிட்டால் எதைக் காப்பாற்றியிருப்பாள்?" என்றார் குன்றுக் கிளைக்காரர்.

"நல்ல குடும்பம்!" என்றாள் கீரியம்மா. தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். மற்றப் பெற்றோர்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள்.

மயில் சுழலியிடம் குனிந்தார். "கண்மணி, நீயே சொல். நீ எந்தக் கிளையின் பிள்ளை? நீ சொல்லும் வாசலில் உன் படத்தை இரண்டு ஆள் உயரத்துக்குச் செதுக்கச் சொல்கிறேன்!"

சுழலி வேங்கைப்பூ மாலையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள். "எனக்குப் படம் வேண்டாம் ஐயா. உட்கார இடம் வேணும்."

"எந்தப் பள்ளிக்குடி போகப்போறே?" கூட்டத்திலிருந்து ஓடி வந்த அம்மா அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். இந்த முறை அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"குன்றுக்கு."

"அங்கே தண்ணியே இல்லையேடி!"

"குட்டை இருக்குல்லம்மா. எருமையம்மா கொஞ்சம் நகர்ந்துக்கிட்டா துள்ளனுக்குக் கால் அடிக்கச் சொல்லிக் கொடுத்துடலாம்."

ஒருத்தி வாங்கிய பரிசை எத்தனை பலகைகளில் வேண்டுமானாலும் பங்கு போட்டுச் செதுக்கிக்கொள்ளலாம்; அவள் கற்ற நீச்சலை மட்டும் அவரவர் நனைந்துதான் கற்க வேண்டும்.

மறுநாள் காலை சுழலி அந்தப் புங்கங்கன்றைக் குன்றுக் கிளை வாசலில் ஆழமாகக் குழி பறித்து நட்டாள். பிறகு உள்ளே போய், கடைசி வரிசையில் துள்ளனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.