மாட்டுத் தரகரும் வாய் திறக்காத லேப்டாப்பும்

ஒரு ஊர்ல ஒரு மாட்டுத் தரகர். பேரு ராக்கியண்ணன். தொட்டா சுள்ளுனு கோவம் வரும். பள்ளிக்கூடம் மூணாங்கிளாஸோட சரி, மிச்சப் படிப்பெல்லாம் சந்தையில உதைபட்டுப் படிச்சதுதான். ம் கொட்டு... ம்.

அவர் வீட்டு மச்சுல ஒரு பழைய லேப்டாப். இன்னிக்குத் தட்டினா நாளைக்குத்தான் முழிக்கும். அவர் சம்சாரம் பவளாயி சொன்னா, "ஏனுங்க, வெள்ளிக்கிழமை பழைய சாமான்காரன் வர்றான். பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க."

"போடுறதா? மெட்ராஸ்ல இருக்கற எம்மக முகத்தை இத்தனூண்டு போன்ல பார்த்துக் கண்ணே பூத்துப்போச்சு. இதுல பெருசா பார்க்கணும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவ முகம் தெரியலைன்னா, பேரீச்சம்பழம்தான்!"

"சரி புள்ள!"

அப்புறம் மக சிந்துஜா, பழைய லேப்டாப்பையும் வேகமா ஓட்டற லினக்ஸுன்னு ஒரு மென்பொருளை பென் டிரைவ்ல போட்டு அனுப்பினா. புதன்கிழமை சொருகினார். கிர்ர்ர்... பளிச்! கிழட்டு லேப்டாப் கன்னுக்குட்டியா துள்ளுது. மக படத்தை முகப்புல வச்சார். அணைச்சார். மறுபடி போட்டா, படத்தைக் காணோம்.

"அடேய்! காலைல பேசினதை மத்தியானம் இல்லேங்கறியா?"

போன்ல மக சிரிச்சா. "அப்பா, அது இன்னும் பென் டிரைவ்லதான் ஓடுது. சும்மா வெள்ளோட்டம். லேப்டாப்புக்குள்ள குடி வச்சாத்தான் ஞாபகம் இருக்கும்."

மறுநாள் வியாழக்கிழமை குடி வச்சார். அது தமிழ்லயே கேட்டுச்சு: உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிடட்டுமா?

"பாதி அழி!"

அசையல.

"சரி, முக்கால்வாசி!"

ஊஹூம். உள்ள இருந்தது மச்சினன், அதான் பவளாயியோட தம்பி, ஒரு கல்யாணத்துல ஆடின வீடியோ ஒண்ணுதான். பவளாயி சமையக்கட்டுலதான் இருக்காளான்னு எட்டிப் பார்த்துட்டு, டப்புனு அமுக்கினார்.

ம்? தூங்கிட்டியா? ம்...

வெள்ளிக்கிழமை. முகம் பார்த்துப் பேச ஒரு செயலி போடணும். கறுப்புத் திரையில மக சொன்ன வரியை எழுத்துக் கூட்டி அடிச்சார். பாஸ்வேர்டு கேட்டுச்சு. நேத்து இவரே வச்ச நம்பர்தான். டக், டக், டக்... திரையில ஒரு புள்ளிகூட விழல. அழிச்சு அழிச்சு அடிச்சார். டக், டக்! ஒண்ணுமில்ல. வாசல்ல மணி. டிங் டிங்! "பழைய இரும்பூ... பேரீச்சம்பழம்!"

"ஏனுங்க, ஆளு வந்தாச்சு!"

"இருடி!" லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினார். "நம்பர் ஏறுச்சா இல்லையான்னு வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!" தோள் துண்டை உதறினார். அது போய் லேப்டாப் மேலயே விழுந்துச்சு.

அந்தத் துண்டைப் பார்த்ததும் அவருக்குச் சந்தை ஞாபகம் வந்துச்சு.

சந்தையில விலையை வாயிலயா சொல்லுவாங்க? கை மேல துண்டைப் போட்டு, உள்ள விரலைப் பிடிச்சுல்ல பேசுவாங்க! பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது.

"அட, தொழில் தெரிஞ்ச பயலே! நம்பரை வாங்கிக்கிட்டுத்தான் வெளிய காட்டாம இருக்கியா!"

துண்டு ஓரத்தைத் தூக்கி, உள்ள எட்டிப் பார்த்துப் பார்த்து, டக், டக், டக், டக். கடைசியா எண்டர். டப்! சரசரன்னு எழுத்தா கொட்டுது. செயலி ஏறிடுச்சு. மகளைக் கூப்பிட்டா, திரை நிறைய சிந்துஜா முகம்! பவளாயி ஓடி வந்து அவரைத் தள்ளிட்டு முன்னாடி உக்காந்துட்டா. "நீ போயிட்டு வாப்பா!"ன்னா வாசலைப் பார்த்து.

"அப்பா, பாஸ்வேர்டை அம்மாவுக்கும் சொல்லி வைங்க," ன்னா மக.

"துண்டுக்குள்ள பேசினதை வெளிய சொன்னா நான் தரகனா?"

"சொல்லாட்டி ராத்திரிக்குச் சோறு இல்ல," ன்னா பவளாயி.

சொல்லாம முடியுமா? சொன்னார். அவ கையைப் பிடிச்சு, மேல துண்டைப் போட்டு, விரல் விரலா.

கதைக்குக் கதவு சாத்தியாச்சு. நீ கண்ணைச் சாத்து.