முந்நூறு யானைச் சட்டை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அன்று காலை வந்த துணியில் நான்கு மீட்டர் குறைந்தது. யானைப் படம் அச்சிட்ட துணி. அதில் முந்நூறு குழந்தைச் சட்டை வெட்டியாக வேண்டும். மறுநாள் லாரி வருகிறது. எல்லோரும் கையைப் பிசைந்தபோது, கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் மட்டும் மீசையைத் தடவினார்.

"இதுலயே முந்நூறும் வரும். ஒரு சட்டை கெட்டாலும் ஒரு மாசம் கத்திரியத் தொட மாட்டேன். துளசிமணி மேசையில உக்காந்து பிசிறு வெட்டுறேன்."

துளசிமணி செக்கிங் பார்ப்பவர். தைத்து வரும் சட்டைகளைத் திருப்பிப் பார்ப்பதும், தொங்கும் நூல் பிசிறை வெட்டுவதும் அவர் மேசையில்தான்.

"எல்லாரும் சாட்சிங்க" என்றார் அவர்.

டீ நேரத்துக்குள் துணி முழுவதும் வெட்டியாயிற்று. எண்ணினார்கள். சரியாக முந்நூறு! ஒரு கட்டு தைக்கவும் போய்விட்டது. மாஸ்டர் டம்ளரோடு வெட்டுமேசைமேல் ஏறி உட்கார்ந்தார்.

"எப்படிங் மாஸ்டர்?" என்று கேட்டார் டெய்லர் ஜமால். கேட்டிருக்கக் கூடாது.

"சின்னப் பாயில நெறையப் புள்ளைங்க எப்படிப் படுக்கும்? தலைமாடு கால்மாடா மாத்திப் படுக்குமில்ல? அதேதான். துணி மேல வெள்ளைக் காகிதத்த விரிச்சேன். முன்பக்கத்த நேரா வரைஞ்சேன். பின்பக்கத்தத் தலைகீழாப் படுக்க வெச்சேன். நடுவுல இருந்த சந்துல சட்டைக் கைய நுழைச்சேன். இதெல்லாம் ஒரு வேலையா? முன்னெல்லாம் நான் வெட்டுனா துணுக்கே மிஞ்சாது. வேஸ்ட் துணி வாங்க வர்றவரு வெறுஞ்சாக்கக் கட்டிப் புடிச்சு அழுவாரு. பாவம்னு என் தோள் துண்டக் கிழிச்சுக் குடுத்தனுப்புவேன்."

"கழுத்து வெட்டுன வட்டம் மிஞ்சுமேங்க?"

"அதுல பொம்மைக்குத் தொப்பி."

"தொப்பி வெட்டுன மிச்சம்?"

"எறும்புக்குச் சட்டை."

ஜமாலுக்குப் புரையேறியது. "எறும்புக்குங்களா?"

"சிரிக்காதப்பா. ஒரு சட்டைக்கு ஆறு கை வெக்கணும். எத்தன சிரமம் தெரியுமா? சரி, நீ ஒரு இஞ்சுக்கு எத்தன தையல் போடுவே?"

"பன்னெண்டு."

"நான் ஆயிரத்து இருநூறு. ஒருக்கா எங்கூர்க் குளத்துக்கரை ஒடைஞ்சுபோச்சு. கொட்டுற மழையில மெஷினத் தலைமேல தூக்கிட்டு ஓடுனேன். கரைய ரெண்டு பக்கமும் இழுத்துச் சேத்து ஓவர்லாக் அடிச்சேன். ஒரு சொட்டு ஒழுகல!"

"குளத்துக்கரையில கரண்டு ஏதுங்க?"

"மின்னல்ல வயரச் சொருகிக்கிட்டேன். மழையும் நிக்கணுமில்ல? அப்படியே மேல ஏறி மேகத்துக்கும் ஓரம் மடிச்சு அடிச்சுட்டேன். அதுதான் தப்பாப் போச்சு. மூணு வருசம் மழையே இல்ல. ஊரே வந்து கெஞ்சுச்சு. மறுபடி ஏறி, நாலே நாலு தையலப் பிரிச்சுவிட்டேன். அதுக்கே குளம் நெறைஞ்சுது!"

அப்போது துளசிமணி வந்தார். கையில் தைத்து முடித்த முதல் சட்டை. அதை மேசைமேல் விரித்தார். முன்பக்கத்தில் யானைகள் வரிசையாக நின்றன. திருப்பினார். பின்பக்கத்தில் அத்தனை யானையும் தலைகீழாகக் கிடந்து, நான்கு காலையும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

வெள்ளைக் காகிதத்துக்கு அடியில் யானை இருப்பதை மாஸ்டர் மறந்தே போயிருந்தார்.

"முந்நூறும் இப்படித்தானுங்களா?" என்று ஜமால் மெதுவாகக் கேட்டார்.

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். மீசையை ஒருமுறை தடவினார்.

"யோசிக்காமயா வெட்டுனேன்? குழந்தைங்க ஒரு எடத்துல நேரா நிக்குமா? குட்டிக்கரணம் போடும். அப்பப் பாருங்க, முதுகுல இருக்கற யானை எல்லாம் ஜம்முனு நிமிந்து நிக்கும்!"

துளசிமணி தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நூல் வெட்டும் குட்டிக் கத்திரியை அதன்மேல் வைத்தார்.

"குழந்தைங்க குட்டிக்கரணம் போடட்டுங் மாஸ்டர். நீங்க வந்து உக்காருங்க. பிசிறு நெறையக் கெடக்குது."