பாவாடைக்கு அடியில் காயாத துணி

செங்கல் சூளைக் குடிசைகளுக்கு வாரம் ஒருநாள் வந்து போகிற நர்ஸ் ரெபேக்காவுக்கு இருபத்தாறு வயதுதான். ஆனாலும் அங்கேயே குடியிருந்து செங்கல் அறுக்கும் நாற்பத்திரண்டு வயது கன்னியம்மாவுக்கு அவள்தான் குரு. மாதவிலக்கு பற்றிப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இவளைப் பழக்கியவள் அவள்தானே.

கன்னியம்மாவும் சொன்னாள். சும்மா இல்லை, தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னாள். துணியைச் சோப்புப் போட்டு அலசு, வெயிலில் காயப்போடு, ஈரத்தோடு எடுத்து வைக்காதே. பிள்ளைகள் தலையைத் தலையை ஆட்டின. கேட்டால் ஒப்பிக்கவும் செய்தன.

என்ன பிரயோசனம்? ஒன்பதாவது படிக்கும் அமுலுவுக்கு மூன்றாவது மாதமாக அரிப்பும் புண்ணும். நடக்க முடியாமல் மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் படித்தது போதும், கல் அடுக்க வரட்டும் என்று அவள் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். அந்தக் குடிசைகளிலேயே எட்டாம் வகுப்பைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான்.

சொன்னது எங்கேதான் போய் நிற்கிறது? கல் அறுக்கும்போதும் அதே யோசனை, சோறு வடிக்கும்போதும் அதே யோசனை. ரெபேக்கா அமுலுவுக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்ததும் கன்னியம்மா கேட்டே விட்டாள்.

"நான் என்ன குறை வச்சேன் சிஸ்டர்? ஏன் இதுங்க காதுல ஏறல?"

ரெபேக்கா ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு, உங்க துணி எங்கே காயுது என்று கேட்டாள்.

கன்னியம்மா வாசல் கொடியைக் காட்டினாள். இரண்டு புடவையும் ஒரு லுங்கியும் வெயிலில் படபடத்தன. நேர் எதிரே அமுலுவின் குடிசை.

"அது இல்லக்கா. மத்தது."

கன்னியம்மாவின் முகம் சுண்டிப்போனது. உள்ளே கூட்டிப்போனாள். அரிசிப் பானைக்குப் பின்னால், இருட்டில், ஒரு கயிறு. அதில் ஈரப் பாவாடை. அதைத் தூக்கினால் அடியில் அந்தத் துணி. மூன்று நாளாகியும் சில்லென்று இருந்தது, மக்கல் வாடை வேறு. அவள் அம்மா அப்படித்தான் காயப்போட்டாள், அவளும் அப்படியே. ஊருக்கெல்லாம் சொன்னபோது இது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை, பாருங்கள்.

"அமுலு வீட்லயும் பானைக்குப் பின்னாடிதான்க்கா," என்றாள் ரெபேக்கா.

துணியை மறுபடி சோப்புப் போட்டு அலசிப் பிழிந்து கன்னியம்மாவின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

"அங்கயா? லாரிக்குக் கல்லு ஏத்துற ஆம்பளைங்க போற வழி சிஸ்டர். எல்லாரும் பாப்பாங்க."

"ஆமாக்கா, பாப்பாங்க," என்றாள் ரெபேக்கா. "அமுலுவும் பாப்பால்ல."